கல்யாணக் கார் கொதிக்கக் கூடாது

இசக்கிபாண்டியின் அம்பாசடர் காருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். கொஞ்ச தூரம் ஓடினால் போதும், உலைப்பானை போலக் கொதித்துவிடும். நடுரோட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அது ஆறும்வரை எல்லாரும் காத்துக் கிடக்க வேண்டும். நிற்பதற்கு ஓர் உடைமர நிழல் கிடைத்தால் அது அவரவர் யோகம்.

அதனால் கோவில்பட்டியில் அவரை வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

இந்த லட்சணத்தில், எதிர்வீட்டு வெள்ளைத்தாய் அக்கா தன் கல்யாணத்துக்கு இந்தக் காரில்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். நாளைக் காலையில் திருச்செந்தூர்க் கோயிலில் முகூர்த்தம். இசக்கிபாண்டியின் மகள் வள்ளிமயில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். அக்கா பட்டுச்சேலையோடு நடுவழியில் நின்றால், அப்பா இந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்?

மெக்கானிக் அழகிரிசாமி ஒரு வழி சொன்னார். ரேடியேட்டருக்குப் பின்னால் கரண்டில் ஓடும் விசிறி ஒன்றை வைக்கலாம். அதற்கு ஒரு சுவிட்ச். சூடானதும் தானாக விசிறியைப் போடும், ஆறியதும் நிறுத்தும். எவ்வளவு சூட்டில் போட வேண்டும் என்பதை ஒரு திருகைத் திருப்பி நாமே வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. வள்ளிமயிலையும் ஏற்றிக்கொண்டு மூவரும் எட்டயபுரம் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். விசிறி சொய்யென்று சுற்றியது. ஆனால் சூடு காட்டும் முள்ளும் ஏறியது. விசிறி இன்னும் சீக்கிரமே சுற்றட்டும் என்று அழகிரிசாமி திருகைக் குறைத்தார். முள் முன்னைவிட வேகமாக ஏறியது. மேலும் குறைத்தார். விசிறி நிற்காமல் சுற்ற, ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி வந்தது.

சுவிட்ச் போலிச் சரக்கு என்று அழகிரிசாமி கடைக்காரரைத் திட்டினார். இசக்கிபாண்டி யாரையும் திட்டவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் வெள்ளைத்தாய் வீட்டுக்குப் போயி, வேற காரு பாத்துக்கிடச் சொல்லிட்டு வாரேன்."

வள்ளிமயிலுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. விசிறி அதிக நேரம் சுற்றினால் சூடு குறையத்தானே வேண்டும்? இங்கே கூடுகிறது. சுவிட்ச் சொன்னபடி விசிறியைப் போட்டதே, அதன்மேல் என்ன தப்பு?

"யப்பா, கொஞ்சம் நில்லுங்க. விசிறிய ஒரு தடவ போடச் சொல்லுங்க."

அவள் புத்தகப் பைக்கட்டிலிருந்து ஒரு தீப்பெட்டிப் படத்தை எடுத்தாள். தீப்பெட்டி ஊரான கோவில்பட்டிப் பிள்ளைகளிடம் அதற்கா பஞ்சம்? விசிறி ஓடும்போது படத்தைக் காரின் முன்பக்கக் கம்பிகள்மேல் வைத்தாள். அது பறந்து வந்து அவள் மூக்கில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் மூக்கு.

"மாமா, விசிறி காத்த உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா?"

"உள்ளதாம்மா இழுக்கணும்" என்ற அழகிரிசாமி குனிந்து விசிறியின் ஒயர்களைப் பார்த்தார்.

ஒயர்களை மாற்றிக் கொடுத்திருந்தார். விசிறி தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. எதிர்க்காற்றும் விசிறிக்காற்றும் மல்லுக்கட்டியதில் ரேடியேட்டருக்குள் காற்றே போகவில்லை. பாவம், அவர் முகம் சிறுத்துப்போயிற்று.

"ரெண்டு ஒயரும் ஒரே கறுப்பால்லா இருக்கு மாமா. யாருக்குத்தான் தெரியும்?" என்றாள் வள்ளிமயில்.

அவர் அவள் தலையைத் தடவிவிட்டு ஸ்குருடிரைவரை எடுத்தார். ஒயர் மாறியதும் படம் கம்பியில் பல்லி போல ஒட்டிக்கொண்டது. பிறகு எஞ்சின் அளவான சூட்டுக்கு வந்ததும் விசிறி ஓடும்படி திருகை நிதானமாக வைத்தார். கயத்தாறு வரை போய் வந்தார்கள். முள் நடுவிலேயே நின்றது.

மறுநாள் வள்ளிமயிலுக்கு முன்சீட்டு. முள்ளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அப்பா அவளுக்குத்தான் கொடுத்திருந்தார். திருச்செந்தூரில் எல்லாருக்கும் முன்னால் வெள்ளைத்தாய் அக்கா சேலை கசங்காமல் போய் இறங்கினாள்.

மாப்பிள்ளையைத்தான் காணோம். ஓட்டப்பிடாரத்திலிருந்து அவர் வந்த வேன் ஆறுமுகநேரிப் பக்கம் கொதித்து நிற்கிறது என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார்.

இசக்கிபாண்டி உடனே காரைத் திருப்பினார். ஆவி கக்கிக்கொண்டிருந்த வேனை விட்டு, மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து முன்கதவைத் திறந்தார். உள்ளே வள்ளிமயில் உட்கார்ந்திருந்தாள். அவள் நகரவில்லை.

"முள்ள நான்தான் பாக்கணும் அத்தான். நீங்க பின்னால ஏறிக்கிடுங்க."

மாப்பிள்ளை பின்னால் ஏறிக்கொண்டார்.