நாற்பது விநாடி

‘குழாயில் கட்டின துணி’ என்று படித்ததும் அவள் விரல் நின்றது.

அடுத்தவர் அந்தரங்கத்தைப் படிப்பதுதான் அவளுக்கு வேலை. ஊரே தட்டிக்கொண்டிருக்கும் அந்தச் செயலியில் யாராவது கத்தி, ரத்தம் என்று எழுதினால், செய்தி போய்ச் சேருமுன் இயந்திரம் அதைப் பிடித்து, பெயர் மேல் கறுப்புப் பட்டை பூசி, இந்த ஜன்னலில்லாத அறைக்கு அனுப்பிவிடும். நாற்பது விநாடிக்குள் ‘அனுப்பு’ அல்லது ‘அழி’. அழித்தால் கேட்க நாதியில்லை. அனுப்பியது தப்பாகிப்போனால் மேற்பார்வையாளர் வந்து தலைமேல் நிற்பார். அவருக்கு அங்கே மணிக்கூண்டு என்று பெயர். ஆகவே சந்தேகம் வந்தால் எல்லோரும் அழித்தார்கள். ஒரே ஆளின் செய்தி மூன்று முறை அழிந்தால் கணக்கு மறுநாள் வரை மூடிக்கொள்ளும். ஒரு கணக்கு முதலில் யார் மேஜைக்கு வந்ததோ, அன்று முழுக்க அங்கேயே வரும்.

இதே கணக்கு பத்து நிமிடம் முன்பும் வந்திருந்தது. “கத்திய எடுத்துட்டு வந்துட்டார். பாத்ரூம்ல பூட்டிக்கிட்டேன். சீக்கிரம் வா.” தேநீரை உறிஞ்சியபடியே அழித்திருந்தாள். காலையிலிருந்து இருநூறு கத்தி பார்த்தாயிற்று. பாதி நாடக வசனம், மீதி சிநேகிதர்களின் விளையாட்டு.

இப்போது இது: “நீ குழாயில கட்டின துணிய அவிழ்த்து கையில சுத்தியிருக்கேன். ரத்தம் நிக்கல. கதவ இடிக்கிறார்.”

சொட்டுச் சத்தம் பொறுக்காமல் இன்று காலை அவளும்தான் குழாயில் துணி கட்டினாள். அவள் இருப்பது அக்கா வீட்டில். கிளம்பும்போது அக்கா முகத்தை நிமிர்த்தாமல் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள், கன்னம் கன்றியிருந்தது. உள்ளே மாமா எதையோ எட்டி உதைத்தார். “ஏதாவதுன்னா உடனே மெசேஜ் போடுக்கா. பறந்து வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். பறப்பதாகச் சொன்னவளின் போன், எல்லோருடைய போனையும் போல, கீழே காவலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

ஒழுகாத குழாய் எந்த வீட்டில் இருக்கிறது? அழித்தாள்.

தலைக்கு மேல் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அறுபது பேர் பட்டன் தட்டும் சத்தம், ஆறிய தேநீரின் வாடை, மணிக்கூண்டின் செருப்பு தரையில் தேயும் சத்தம் எல்லாம் தினமும் உள்ளவைதான். இன்று அவற்றுக்கு நடுவே எங்கோ தண்ணீர் சொட்டுவதுபோல் அவளுக்குக் கேட்டது. இந்த மாடியில் குழாயே கிடையாது.

மூன்றாவது வந்தது.

“█████, படிக்கிறியா இல்லியா? நீ வாங்கின பச்சை வாளியத்தான் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். தாழ்ப்பாள் கழண்டுடுச்சு. கொன்னுடுவார்டி. ஒரு வார்த்தை போடு.”

பச்சை வாளி. போன வாரம் அவள் வாங்கியது.

“சார், இது எங்க அக்கா.”

மணிக்கூண்டு குனிந்து பார்த்தார். “பேர் தெரியுதா?”

“தெரியல சார். வாளி எங்களுது. வீட்டுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன்.”

“வாளி எல்லார் வீட்லயும்தான் இருக்கும்மா. படிச்சத வச்சு ஆளத் தேடமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அது அடுத்தவங்க அந்தரங்கம்.”

பாய்ந்து ‘அனுப்பு’ மேல் விரலை வைத்தாள். அனுப்பினால் எங்கே போகும்? பூட்டிய அலமாரிக்கு. விரல் உறைந்தது. ஐந்து. நான்கு. நேரம் தவறினால் இயந்திரமே அழித்துவிடும்.

அழித்தது. மூன்றாவது முறை.

எழுந்தாள். நாற்காலி விழுந்தது. மணிக்கூண்டு வழிமறித்து விதிகளை ஓதி முடிப்பதற்குள் திரையில் அடுத்தது வந்துவிட்டது. வேறு கணக்கு. மங்கலாக்கிய ஒரு படம். நடுவில் பச்சையாக ஏதோ.

தொட்டாள். தெளிந்தது.

பிளந்த கதவு. குழாய் நுனியில் ஒரு சொட்டு. பச்சை வாளிக்குள் விளிம்புவரை சிவப்பு.

கீழே எழுத்து. “உங்கக்கா மூணு தடவை எழுதினா. நீதான் பதிலே போடல. மெதுவா வா.”

வாளி விளிம்பில் ஒரு கை. துணி சுற்றிய கை. இரண்டு விரல் இல்லை. மற்ற மூன்றும் போனை விடவில்லை. அதன் திரை எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு மனப்பாடமான வரி.

‘விதிகளை மீறியதால் உங்கள் கணக்கு நாளை வரை மூடப்பட்டுள்ளது.’