விரலை எடுத்தால் விழும் எழுத்து

"நான் எழுதின புரோகிராமை வேறொருத்தர் தன்னோடதுன்னு போட்டிக்கு அனுப்பிட்டார், மிஸ்."

மாத்தளையில் கணினி மோசடிகளைத் துப்பறியும் கைறுன்னிஸாவின் முன் பிரசாந்தி உட்கார்ந்திருந்தாள்.

"யாருன்னு தெரியுமா?"

"நான் கட்டிக்கப் போறவர். ஜெனோசன்."

பக்கவாதத்தில் பேச்சிழந்த தன் அப்பா லோரன்ஸுக்காக, இரத்தோட்டை வீட்டில் அவள் எழுதியது அது. அவர் தட்டுவதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். முழு நிரலையும் ஜெனோசனுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாள். இப்போது, எழுதியவன் தானே என்று அவன் சாதித்தான்.

கைறுன்னிஸாவின் உதவியாளன் சசிக்குமார் ஆவலோடு பிரசாந்தியின் மடிக்கணினியை இழுத்து, அந்தப் புரோகிராமில் ஒரு விசையை அழுத்திப் பிடித்தான். திரையில் ஒன்றுமில்லை. விரலை எடுத்த பிறகே ஒரு 'க' விழுந்தது.

"கீபோர்ட் பழுதோ?"

"வேற புரோகிராம்ல அடிச்சுப் பாருங்க" என்றாள் கைறுன்னிஸா.

அதில் அழுத்தியவுடனே 'கககக' என்று ஓடியது. அவள் தலையசைத்தாள். "நாளைக்கு அவரோட வாங்க, பிரசாந்தி. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் மூவரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள்.

"ஜெனோசன், இதுல எழுத்து ஏன் பிந்தி விழுது?"

"சின்னப் பிழை, மிஸ். அடுத்த வெர்ஷன்ல திருத்திருவேன்."

பிரசாந்தி திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள்.

கைறுன்னிஸா சாதாரண எழுத்துப் புரோகிராம் ஒன்றைத் திறந்து லோரன்ஸின் முன் வைத்தாள். விசையில் இறங்கிய அவர் விரல் உடனே எழ மறுத்தது. 'வவவவவவ'. மகளின் புரோகிராமில் ஒரே ஒரு 'வ'.

"விசையை அழுத்துறதையும் விடுறதையும் கணினி தனித்தனியாச் சொல்லும். வழக்கமா அழுத்தினதுமே எழுத்து வரும். பிடிச்சிட்டே இருந்தா திரும்பத் திரும்ப வரும். இங்க, விடுறப்போ மட்டும் எழுத்தைப் போடுன்னு வேணும்னே எழுதியிருக்கு, இவர் கைக்காக. எழுதினவங்க இதைப் பிழைன்னு சொல்லமாட்டாங்க."

ஜெனோசன் வியர்வையைத் துடைத்தான். "கட்டிக்கப் போறவங்களுக்குள்ள உன்னோடது, என்னோடதுன்னு இருக்கா, பிரசாந்தி?"

"அப்படி நெனச்சுத்தானே பிரதியைக் குடுத்தேன்." அவள் குரல் தணிந்தது. "ஞாயித்துக்கிழமை தவறாம அப்பா பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க. அவர் கையை ஒருநாளாவது பாத்தீங்களா?"

போட்டிக் குழுவுக்குத் தானே அறிவிப்பதாகக் கைறுன்னிஸா சொன்னாள்.

வெளியே ஆட்டோ காத்திருந்தது. பிரசாந்தி அப்பாவை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். ஜெனோசன் மறுபக்கமாக வந்தான். மிச்சமிருந்த இடத்தில் அவள் மடிக்கணினியை வைத்தாள்.