முப்பத்தொன்றாவது கிளாஸ்

பகல் 11.52.

செங்காவி ரயில் மலைமேல் நிலையத்தில் வந்து நின்றபோது முப்பது பேர் இறங்கினார்கள். காலையில் ஏறியது முப்பத்தொரு பேர்.

இறங்காதவர் மஹ்ரஸியா. வயது அறுபத்தேழு. தோஸர் ஊரில் நாற்பது வருடம் மருத்துவச்சியாக இருந்தவர். மூன்றாவது பெட்டியின் கடைசிக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அவர் மேலே போர்த்தியிருந்த வெள்ளைப் போர்வை கதவின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் மருமகள் ரவ்தா நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாமி சுரங்கத்துல விழுந்துட்டாங்க," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வழியில் ஐந்து சுரங்கங்கள். எதில் என்று யார் சொல்வது? கூட்டத்தை விலக்கிக்கொண்டு குட்டையான ஒரு பெண் முன்னால் வந்தாள். ஷாத்லியா. ஸ்ஃபாக்ஸ் போலீஸில் இன்ஸ்பெக்டர். கணவனோடு ஊர் சுற்ற வந்தவள்.

"லீவுன்னு எழுதிக் குடுத்துட்டுத்தானே வந்த?" என்று முணுமுணுத்தான் கணவன் நூரி.

"நான் எழுதிக் குடுத்தேன். அந்தம்மா எழுதிக் குடுக்கலையே," என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்க்கப் போனாள்.

மஹ்ரஸியாவை அவளுக்குக் காலையிலேயே தெரியும். 9.40-க்குக் கீழ் நிலையத்தில் வண்டிக்காக நின்றபோது பேச்சுக் கொடுத்தவர் அவர்தான். பெருநாள் முடிந்து பத்து நாளாகியும் தீராத மக்ரூத் இனிப்பு டப்பாவை நூரி நீட்டினான். அவர் இரண்டு துண்டு எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "அப்புறம் சாப்பிடுறேன் தம்பி," என்றார். பிறகு குழாயடிக்குப் போய் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார். "தண்ணி நல்லா இல்ல போலிருக்கு," என்று நூரி மனைவி காதில் சொன்னான். பிறகு அவன் அந்தக் குழாயைத் தொடவே இல்லை.

காலையில் ஒரு சண்டையும் நடந்தது. மஹ்ரஸியாவுக்குக் காது கேட்காது. காதில் மிஷின் மாட்டியிருந்தும் அவரோடு கத்தித்தான் பேச வேண்டும். அண்ணன் மகன் பூபக்கர் கத்தியது நடைமேடை முழுக்கக் கேட்டது. "இன்னிக்கு வேணாம்னு சொன்னா கேக்குறீங்களா அத்தை? வழியில எங்கயாவது விழுந்து கிடந்தா யாரு பதில் சொல்றது?"

இப்போது எல்லோருடைய கண்ணும் அந்தப் பூபக்கர் மேல்தான் இருந்தது.

11.58. நிலைய அறை. ரவ்தா.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ரெண்டாவது சுரங்கத்துக்கு முன்னாடி. பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. எனக்குக் கண்ணு சொக்கிடுச்சு. முழிச்சுப் பாத்தா ஆள் இல்ல. முன்னாடி பெட்டிக்குப் போயிருப்பாங்கன்னு இருந்துட்டேன்."

"நடுவுல தொண்டையில வண்டி நின்னப்போ?"

தொண்டை என்பது அந்தப் பள்ளத்தாக்கின் பெயர். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அடியில் வறண்ட ஆற்றுப்படுகை. படம் எடுக்கவும் டீ குடிக்கவும் அங்கே இருபத்தைந்து நிமிடம் வண்டி நிற்கும்.

"நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் டீ குடிச்சோம். மாமி டீயில போடுற பைன் கொட்டையைக்கூட விடாம ஒண்ணொண்ணாப் பொறுக்கிச் சாப்பிட்டாங்க. கிளாஸைக் குடுத்துட்டு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏறினோம். எனக்கு அம்மா இல்ல மேடம். அவங்கதான்." அழுதாள்.

12.02. லஸ்ஹர். அந்த வண்டியின் கார்டும் அவர்தான், டீ மாஸ்டரும் அவர்தான்.

"தொண்டையில தலையை எண்ணிட்டுத்தானே அண்ணே விசில் குடுத்தீங்க?"

"தலையை எப்படிம்மா எண்றது? ஒருத்தன் பாறை மேல, ஒருத்தன் பாறைக்குப் பின்னால. நான் கிளாஸைத்தான் எண்ணுவேன். இறங்குறப்போ ஆளுக்கு ஒரு கிளாஸ். டீ வேணாம்னு சொன்னா காலி கிளாஸ். திருப்பிக் குடுத்துட்டுத்தான் ஏறணும். இருபது வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒருத்தரைக்கூட விட்டுட்டு வந்ததில்ல."

"இன்னிக்கு?"

"முப்பத்தொண்ணு போச்சு, முப்பத்தொண்ணு வந்துச்சு. அந்தம்மா தொண்டையில ஏறிட்டாங்க. குரான் மேல சத்தியம்."

"மருமகள் கையில எத்தனை கிளாஸ் குடுத்தீங்க?"

"ரெண்டு. மாமிக்கும் சேத்து வாங்கிட்டுப் போச்சு. ரெண்டும் சுத்தமா வந்துச்சு, அடியில ஒரு கொட்டைகூட இல்ல."

12.06. பூபக்கர். முப்பது வயது இருக்கும். அத்தைக்குப் பக்கத்து வீடு. அவருடைய பேரீச்சந்தோப்பைப் பார்த்துக்கொள்பவன்.

"வண்டியில எங்க இருந்தே?"

"முன் பெட்டியில. தொண்டையில நான் இறங்கவே இல்ல. லஸ்ஹர் மாமா கிளாஸை ஜன்னல் வழியாக் குடுத்தார். அத்தை மேல கோவம்."

"எதுக்கு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"காலையில எதை வேணாம்னு சொன்னே?"

"அதைச் சொல்ல முடியாது மேடம்."

"உன் அத்தை செத்துக் கிடக்குறாங்களோ என்னவோ. நீ வாயைத் திறக்க மாட்டே?"

"அத்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்," என்றான். வெளியே ஜன்னலோரம் நின்றவர்கள் அவனைத் திட்டத் தொடங்கினார்கள். இரண்டு பேர் கையைக்கூட ஓங்கிவிட்டார்கள்.

12.11.

நிலையத் தொலைபேசி அடித்தது. எடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் வைத்துவிட்டுச் செய்தியைச் சொன்னார். எல்லையோர மலையில் ஒன்பதரையிலிருந்து மழை. காட்டாறு பெருகி வருகிறது. ஒரு மணிக்குள் தொண்டையில் இறங்கிவிடும்.

டிரைவர் அம்மாருக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்குப் பேசினார். "சுரங்கத்துல தேடணும்னா ஒவ்வொண்ணுலயும் நின்னு லைட் அடிச்சுப் பாக்கணும். முக்கால் மணி நேரம் ஆவும். அப்புறம் தொண்டைக்கு யாரும் போவ முடியாது. அங்க ரோடும் கிடையாது, போனும் எடுக்காது. நேராத் தொண்டைக்குன்னா இருபத்தஞ்சு நிமிஷம். எதுன்னு சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சுரங்கம்தான்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "கிளாஸ் சரியா வந்திருக்கு. கூட ஏறுன மருமகள் சொல்றா."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஷாத்லியா மட்டும் ஆட்டவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. தப்பாகச் சொன்னால் ஓர் உயிர் போகும், அதுவும் அவள் சொன்னதால் போகும். வடக்கே மலை உச்சியில் வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிவிட்டிருந்தது.

நூரி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "முதல்ல குடி. உதடெல்லாம் காஞ்சு கிடக்கு."

வாங்கி வாய் நிறைய ஊற்றினாள். விழுங்கப் போனவள் அப்படியே நின்றாள். பிறகு கொப்பளித்துத் தரையில் துப்பினாள்.

"இந்தத் தண்ணியும் நல்லா இல்லையா?" என்றான் நூரி பாவமாக.

"நல்லாத்தான் இருக்கு. காலையில அந்தக் குழாய்த் தண்ணியும் நல்லாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அவள் பூபக்கரிடம் ஓடினாள்.

"நீ பேச வேணாம். நான் கேக்குறேன், தலையை மட்டும் ஆட்டு. பெருநாளுக்கு அப்புறம் வைக்கிற ஆறு நோன்புல இன்னிக்கு ஒண்ணு. இந்த வெயில்ல, பிரயாணத்துல வேணாம்னு நீ சொன்னே. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவங்க வாக்கு வாங்கிட்டாங்க. அப்படித்தானே?"

அவன் தலை மெல்ல மேலும் கீழும் ஆடியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "சொல்லிக் காட்டுனா பலன் போயிடும்னு..."

"விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பிடுறப்போ யாரு கூட இருந்தது?"

"நான் மட்டும்தான். ரவ்தா அண்ணி ராத்திரிதான் சூஸாவுலேருந்து வந்தாங்க. தூங்கிட்டிருந்தாங்க."

ஷாத்லியா திரும்பினாள். "அம்மார் அண்ணே, இன்ஜினையும் ஒரு பெட்டியையும் மட்டும் பிரிங்க. தொண்டைக்குப் போறோம்."

12.17.

பெட்டியில் ஆறே பேர். ஷாத்லியா, நூரி, பூபக்கர், லஸ்ஹர், ஸ்டேஷன் மாஸ்டர், ரவ்தா. ரவ்தா வர மாட்டேன் என்றாள். ஷாத்லியா அவள் மணிக்கட்டைப் பிடித்து ஏற்றி எதிரே உட்காரவைத்தாள்.

"உங்க மாமி இன்னிக்கு நோன்பு. விடியறதுக்கு முன்னாடியிருந்து ஒரு சொட்டுத் தண்ணி தொண்டைக்குள்ள போகல. இனிப்பு குடுத்தாங்க, முடிஞ்சு வச்சுக்கிட்டாங்க. தாகத்துல வாயைக் கொப்பளிச்சுத் துப்புனாங்க. அவங்க உங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சு, கொட்டையும் பொறுக்கித் தின்னாங்களா?"

ரவ்தா கைப்பையை மடிக்கு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நோன்புன்னு தெரிஞ்சிருந்தா காலி கிளாஸைத் திருப்பிக் குடுத்திருப்பீங்க. எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. தெரியாததால ரெண்டு டீயையும் வாங்குனீங்க, காலி பண்ணிட்டு ரெண்டையும் நீட்டுனீங்க. லஸ்ஹர் அண்ணன் கிளாஸைத்தான் எண்ணுவார்னு இறங்கும்போதே பாத்துக்கிட்டீங்க. அப்புறம் போர்வையைக் கதவுல மாட்டிவிட்டீங்க. எல்லாரும் சுரங்கத்துல தேடணும், தண்ணி தொண்டையில அவங்களைத் தேடணும். அதானே கணக்கு?"

"மழை வரும்னு எனக்குத் தெரியாது. வெயிலே போதும்னுதான்..." என்றாள் ரவ்தா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

லஸ்ஹர் தலையில் கைவைத்துக்கொண்டார். இருபது வருடப் பெருமை ஒரு நொடியில் போய்விட்டது. பூபக்கர் எழுந்தான். நூரி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

ஷாத்லியா ரவ்தாவின் கைப்பையைத் திறந்தாள். சீப்பு, கண்ணாடி, டிக்கெட். அடியில் பஞ்சில் சுற்றிய சின்னக் காது மிஷின்.

"தொழுறதுக்கு முன்னாடி கை, முகம், காதெல்லாம் கழுவி உளூ செய்வாங்க. நனையும்னு கழட்டி உங்க கையில குடுத்திருப்பாங்க. விசில் அடிச்சது அவங்களுக்குக் கேக்கவே இல்ல." அவள் குரல் தாழ்ந்தது. "இதோ பாரு ரவ்தா. இந்த நிமிஷம் வரைக்கும் நீ கொலைகாரி இல்ல. ஒரு மணிக்கு மேல ஆயிடுவே. எங்க?"

வண்டி நான்கு சுரங்கம் கடந்தது. ஐந்தாவது சுரங்கத்தின் இருட்டுக்குள்ளிருந்துதான் குரல் வந்தது.

"ரெண்டாவது வளைவு. அத்தி மரத்துக்குப் பின்னால பாறைக்குள்ள ஒரு குடைவு. வண்டி நிக்க ஒரு மணி நேரம் இருக்கு, நிழல்ல தொழுதுட்டு இருங்க, நான் வந்து கூப்பிடுறேன்னு சொன்னேன். போர்வையைத் தட்டி எடுத்துட்டு வரேன்னு வாங்கிக்கிட்டேன்." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள். "திங்கட்கிழமை தோப்பை இவன் பேருக்கு எழுதப் போறாங்க. என் புருஷன் இத்தாலியில கிடந்து சாகுறார். எங்களுக்கு என்ன இருக்கு?"

12.43.

தொண்டைக்குள் காற்று நின்றுபோயிருந்தது. ஈர மண் வாசனை. ஒரு சொட்டு மழை விழவில்லை. அதுதான் அங்கே பயமே. தண்ணீர் எங்கேயோ பெய்து இங்கே வந்து கொல்லும்.

அம்மார் ஊதலை விடாமல் அழுத்தினார். பாறையெல்லாம் எதிரொலித்தது. கேட்க வேண்டிய காதுக்குக் கேட்காத சத்தம்.

ஷாத்லியாவும் பூபக்கரும் படுகையில் இறங்கி ஓடினார்கள். முதல் வளைவு. காலடியில் கூழாங்கற்கள் மெல்ல அதிர்ந்தன. இரண்டாவது வளைவில் அத்தி மரம். அந்த அதிர்வு இப்போது இரைச்சலாகிவிட்டது. நூறு லாரிகள் சேர்ந்து வருவதுபோல் மேலே எங்கேயோ உருண்டது. ஷாத்லியாவின் கால்கள் திரும்பி ஓடத்தான் பார்த்தன. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு முன்னே போனாள்.

குடைவுக்குள் மஹ்ரஸியா கால்மடக்கி உட்கார்ந்திருந்தார். முதுகு இவர்கள் பக்கம். உலகம் இடிந்து வந்துகொண்டிருந்தது, அவர் விரலில் தஸ்பீஹ் மணி ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது.

பூபக்கர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அப்படியே வாரித் தோளில் போட்டான்.

அவர்கள் ரயில்மேட்டுப் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வளைவில் திரும்பியது. ஆள் உயரம், காவி நிறம், முன்னால் வேரோடு பிடுங்கிய மரங்கள். அத்தி மரம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கடைசிப் படியை அது நக்கியபோது நூரி கையை நீட்டி மூவரையும் உள்ளே இழுத்தான். மனைவியின் கையை வெகுநேரம் அவன் விடவே இல்லை.

12.58. வண்டி தொண்டையைத் தாண்டிச் சமவெளியில் இறங்கியது.

ஷாத்லியா மிஷினைக் கொடுத்தாள். மஹ்ரஸியா அதைக் காதில் மாட்டிக்கொண்டு முதலில் கேட்டது பூபக்கரை.

"நோன்புன்னு நீயா சொன்னே?"

"நான் சொல்லல அத்தை. தலையைத்தான் ஆட்டுனேன்."

"அதுவும் சொன்ன மாதிரிதான்," என்றார் கறாராக. பிறகு சுற்றிலும் பார்த்தார். "ஏன் இவ்வளவு நேரம்? ரவ்தா வந்து கூப்பிடுறேன்னு சொன்னாளே."

லஸ்ஹர் ஜன்னலைப் பார்த்தார். மஹ்ரஸியாவின் கண் எதிர் இருக்கைக்குப் போனது. மருமகளின் மணிக்கட்டு, அதைப் பிடித்திருந்த இன்ஸ்பெக்டரின் கை, மடியில் திறந்து கிடந்த பை, பையின் வாயில் தன் மிஷினைச் சுற்றியிருந்த பஞ்சு. எத்தனையோ பெண்களின் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டவர். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"மாமி," என்றாள் ரவ்தா. "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. நான்..."

மஹ்ரஸியா காதிலிருந்து மிஷினைக் கழற்றினார். மக்ரூத் முடிந்திருந்த கைக்குட்டையை அவிழ்த்து, அதையும் உள்ளே வைத்து, நிதானமாக முடிச்சுப் போட்டார்.

எதிரே ரவ்தா பேசிக்கொண்டே இருந்தாள்.