முறிக்காத கம்பு

எழுபத்தொன்பதாம் வருசம் ஆவணி மாதம். நாகலாபுரத்துக்குக் கிழக்கே, எலும்புகட்டு வைத்தியர் தவசியின் கொட்டகை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வைக்கோல் மேல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான் சோலைச்சாமி. எல்லாம் ஒரு வெள்ளாட்டால் வந்த வினை. புஞ்சையில் வாய்வைத்த ஆட்டை விரட்டி ஓடினவன், வெயிலில் பிளந்து கிடந்த கரிசல் வெடிப்பில் இடது காலை விட்டான். கால் உள்ளே, ஆள் வெளியே. மளுக்கென்று ஒரு சத்தம். ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தவசி முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தார். உளுந்தமாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். கட்டுக்கு வெளியே நாலு விரல் மட்டும் தெரிந்தது. சுண்டுவிரல் சின்ன வயதிலேயே கோடரிக்குப் போய்விட்டது.

"நாப்பத்தஞ்சு நாளு. காலு தரையில படப்பிடாது."

"அதுக்குள்ள மழை விழுந்துருமே அண்ணாச்சி!"

"மழை எங்கிட்டக் கேட்டுட்டா வருது?"

சோலைச்சாமியின் அண்ணன் சுந்தரபாண்டி ஊர்க்கூட்டத்தில் வைத்தே சொல்லியிருந்தான்: முதல் மழைக்கு இவன் புஞ்சையில் வந்து நிற்காவிட்டால் நானே ஏர் இறக்குவேன், அப்புறம் அது என் புஞ்சை. அப்பன் வாய்வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்த நிலம். பத்திரமா, காகிதமா? போனால் போனதுதான்.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஊன்றுகம்பை அவரவர் வீட்டு ஆள்தான் வெட்டிக்கொண்டு வரவேண்டும். நாள் முடிந்து நடந்து போகிறவன் வாசலில் நின்று தன் கம்பைத் தன் கையாலேயே இரண்டாக முறித்துப் போட்டுவிட்டுப் போவான். திரும்பிப் பார்க்கமாட்டான்.

கதவுக்குப் பின்னால் மூலையில் ஒரு கம்பு மட்டும் முறியாமல் நின்றது.

"அது யாருது அண்ணாச்சி?"

தவசியின் குரல் இறங்கியது. "சங்கிலிப்பாண்டி. ஆட்டுக்கெடை போடுத ஆளு. நாலு வருசத்துக்கு முந்தி ஒனக்கு வந்த மாதிரியே இடது காலு. ஆட்டை விட்டுட்டு வந்துட்டேன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தான். முப்பதாம் நாளு சன்னி கண்டு இங்கனயே போயிட்டான். நடந்தவன்தான் முறிக்கணும். அவன் நடக்கல. நாம தொடப்பிடாது."

நாட்கள் போனால்தானே! படுத்துப் படுத்து முதுகு வெந்தது. கட்டுக்குள் அரித்தது, சொறிய வழியில்லை. ஒண்ணுக்குப் போகக்கூட ஆள் வேண்டும். சம்சாரம் பெருமாயி கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் அவள்மேல் எரிந்து விழுந்தான்.

"உங்க அண்ணன் கலப்பையைச் செதுக்கிட்டு இருக்காவ" என்றாள் ஒருநாள்.

"அதை ஏன்டி எங்கிட்ட வந்து சொல்லுத? நான் என்ன பறந்தா வருவேன்?"

முப்பத்தோராம் நாள் உச்சிப்பொழுது. தவசி எட்டயபுரம் போயிருந்தார். மேற்கே கருமேகம் கட்டியது. மண்வாசனை வந்தது. அவ்வளவுதான், சோலைச்சாமிக்குப் பொறுமை அறுந்தது. பிருஷ்டத்தால் நகர்ந்து நகர்ந்து மூலைக்குப் போனான்.

"எங் கால எவன் வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும்! எம் புஞ்சைக்கு நடந்து போயிரணும், அம்புட்டுத்தான்!"

கம்பைப் பிடித்தான். நாலு வருசம் மூலையில் நின்ற கம்பு, யாரோ இப்போதுதான் கைமாற்றிக் கொடுத்தது போலச் சூடாக இருந்தது.

எழுந்து நின்றான். வலி இல்லை.

ஓரடி வைத்தான். இன்னோரடி. அடேயப்பா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசல் தாண்டி வண்டிப்பாதையில் இறங்கினான்.

டொக்... டொக்... டொக்...

ஆட்டுவாடை வந்தது. சுற்றிலும் ஓர் ஆடு இல்லை.

ஊருக்குப் போகும் பாதை இடது பக்கம் பிரிந்தது. கம்பு வலது பக்கம், வறண்ட கண்மாயைப் பார்த்துத் திரும்பியது. நிற்கப் பார்த்தான். கால் நிற்கவில்லை.

காதோரம் யாரோ நாக்கைச் சுழற்றி ஆட்டைக் கூப்பிட்டார்கள்.

"ட்ரியோ... ட்ரியோ..."

"ஐயோ, விட்டுரு!" என்று அலறிக் கம்பை உதறினான். அவன்தான் விழுந்தான். கம்பு விழவில்லை. பிடிக்க ஆளில்லாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிதானமாகச் சாய்ந்தது.

அன்று மேகம் கலைந்துபோனது. ஒரு பொட்டு மழை இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த தவசி அவனைத் தூக்கிவந்து போட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"என்னல சொல்லிக் கம்பைத் தொட்ட?"

சோலைச்சாமி சொன்னான். தவசி பழைய கட்டை அவிழ்த்தார். புதுக் கட்டுப் போட்டார். கம்பை ஒரு துண்டால் பிடித்து எடுத்துவந்து மூலையில் சாத்தினார்.

"இன்னும் நாப்பத்தஞ்சு நாளு" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்தது. நல்ல மழை. ஊரே விதைப்பெட்டியோடு புஞ்சைக்காட்டுக்கு ஓடியது, தவசியும் ஓடினார். சோலைச்சாமி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அண்ணன் இந்நேரம் மாட்டைப் பூட்டியிருப்பான். ஆத்திரத்தில் கட்டிலைக் குத்தினான். கை வலித்ததுதான் மிச்சம்.

உச்சிப்பொழுதில் மழை வெறித்து நின்றது. கதவு மெல்ல முனகியது.

டொக்... டொக்...

சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. மூலையைப் பார்த்தான். கம்பு இல்லை.

முழங்காலுக்குக் கீழே சில்லென்று ஆனது. கையை விட்டுக் கட்டைத் தொட்டான். பத்தைக்கு இடையில் அமுக்கினால் விரல் உள்ளே இறங்கியது.

வெறும் துணி. உள்ளே கால் இல்லை.

போர்வையை இழுத்து மூடிக் கண்ணை இறுக்கிக்கொண்டான். பொழுது சாயும்போது போர்வைக்குள் ஏதோ கனத்தது. அவன் விலக்கிப் பார்க்கவில்லை. விடியும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை.

காலையில் பெருமாயி வேப்பங்கம்பு ஒன்றும் தூக்குவாளியுமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, நேத்து அம்புட்டுத் தூரம் வந்துட்டு எங்கிட்ட ஒரு வார்த்த பேசாமத் திரும்பிட்டீங்களே!"

"நான் எங்கட்டி வந்தேன்?"

"சும்மா மழுப்பாதீங்க. உச்சிப்பொழுதுல உங்க அண்ணன் ஏரோட வந்திருக்காவ. புஞ்சைக்கு நடுவுல நீங்க நிக்குததைப் பாத்துட்டு மூச்சுக் காட்டாம மாட்டைத் திருப்பிட்டுப் போயிட்டாவ. எந் தம்பி ஏர் பூட்டி, பொழுதுக்குள்ள வெதைச்சு முடிச்சிட்டோம். புஞ்ச நம்மதுதான், இனி ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது."

"தூரத்துல வேற எவனாவது நின்னிருப்பான்."

"தடம் பொய் சொல்லுமா? சுண்டுவிரல் இல்லாத இடது காலு இந்த ஊருல வேற யாருக்கு இருக்கு? வரப்புல கம்பு ஊன்னுன குழி இருக்கு. பாதி வரப்புக்கு மேல அந்தக் குழியும் இல்ல. வீசி நடந்திருக்கீங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "சுத்தி ஆட்டுத் தடமாக் கெடக்கு. அதுதான் வெளங்கல. ஒரு ஆட்டைக்கூட யாரும் பாக்கல."

கொண்டுவந்த கம்பைச் சாத்த மூலைக்குப் போனவள் குனிந்தாள்.

"இது யாரு கம்புங்க? ரெண்டா முறிஞ்சு கெடக்கு?"

சோலைச்சாமி போர்வையை விலக்கினான். கட்டு நேற்றுப் போட்டது போல வெள்ளையாக இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு விரல் இடுக்கிலும் ஈரக் கரிசல் அப்பியிருந்தது.

ஒரு விரலை அசைக்கப் பார்த்தான். முடியவில்லை. கிள்ளினான். உணர்ச்சி இல்லை.

"ட்ரியோ..." என்று எங்கோ தூரத்தில் ஒரு குரல் கேட்டது.

நாலு விரலும் தானாக அசைந்தன.