எண்பத்தாறு பை நாலு

அந்த ஒழுங்கை, அந்தக் குறுகிய சந்து, அங்கே இருந்திருக்கவே கூடாது. அதைச் சுபோதினிதான் போன மாதம் வெள்ளவத்தை வீட்டின் சாப்பாட்டு மேசையில், மடிக்கணினியில் இருந்த வரைபடத்தில், களவாகக் கீறியிருந்தாள்.

நகரம் எந்த வடிவத்தில் வளர்கிறது என்று அளப்பது அவளது ஆராய்ச்சி. கொட்டாஞ்சேனை வரைபடத்தின் மேல் கட்டங்கள் போட்டு, தெரு ஓடுகிற கட்டங்களை எண்ணி, கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி எண்ண வேண்டும். பெரிய தெருவின் கோணலே சின்னத் தெருவிலும், அதற்குள் பிரியும் ஒழுங்கையிலும் திரும்பத் திரும்ப வந்தால், எண்ணிக்கைகளைப் புள்ளிகளாகக் குறிக்கும்போது அவை நேர்கோட்டில் விழும். ஓரிடத்தில் மட்டும் விழவில்லை. அலுத்துப்போய், எண்பத்தாறாம் இலக்க வளவுக்குள் ஓர் ஒழுங்கையைக் கீறினாள். அதையே பாதியாகச் சுருக்கி அதன் முனையில் ஒட்டினாள். அதையும் சுருக்கி ஒட்டினாள். கோடு நேராகிவிட்டது. யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

பேராசிரியர் அந்த ஒழுங்கையின் படம் கேட்டார். வேறேதாவது ஒழுங்கையைப் படமெடுத்து அனுப்பிவிடலாம் என்று, பள்ளிக்கூட விடுமுறையில் நின்ற மகள் ரூபிகாவையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தாள். எண்பத்தாறாம் வளவில், அவள் கீறிய இடத்திலேயே, ஓர் ஒழுங்கை பிரிந்தது. சுவரில் தகரத்தில் எழுதியிருந்தது: 86/4.

"அக்கா, உது எப்ப வந்த ஒழுங்கை?"

எதிர் வாசலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த, முன்பே பழக்கமான கொன்ஸ்ரன்ஸ் நிமிரவில்லை. "எண்பத்தாறு பை நாலா? எப்பவும் இருக்கிறதுதானே மிஸ். உள்ளுக்கு ஆக்கள் போறதைக் கண்டிருக்கிறன்."

உள்ளே கருவாடு பொரிக்கிற மணமும், சாக்கடைக் கான் தண்ணீரின் புளித்த வாடையும் வெயிலில் கலந்து நின்றன. இடப்பக்கம் ஒரு வாசலின் நீலக் கேற், அதற்கப்பால் ஒழுகுகிற பைப், கொடியில் மஞ்சள் துவாய். ரூபிகா தன் புது ரோஸ் செருப்பைப் பார்த்தாள்.

"அம்மா, செருப்பைக் கழட்டோணுமா?"

"இது றோட்டு. வீடு வந்தாத்தான் கழட்டோணும்."

வலப்பக்கம் திரும்பினார்கள். 86/4/1. மறுபடி நீலக் கேற், பைப், மஞ்சள் துவாய். கேற் இப்போது சுபோதினியின் தோளுயரம்தான் இருந்தது. அடுத்த திருப்பத்தில் 86/4/1/1. கேற் இடுப்பளவு, துவாய் சட்டைப்பையில் வைக்கிற ஒரு லேஞ்சியளவு. பைப் சொட்டுகிற சத்தம் மெலிந்து, வேகமாகியிருந்தது.

படம் வேண்டாம், போவோம் என்று திரும்பினாள். பின்னால் சுவர்.

கையால் தடவிப் பார்த்தாள். பாசி பிடித்த பழைய சுவர். வரைபடத்தில் ஒட்டும்போது உள்ளே போகிற பக்கத்தைத்தான் அவள் பார்த்தாள். வெளியே வருகிற பக்கத்தை யோசிக்கவே இல்லை. போனில் சிக்னல் இல்லை. கொன்ஸ்ரன்ஸைக் கூப்பிட்டுக் கத்தினாள். குரல் நாலடி தாண்டவில்லை. பிள்ளையை ஏன் கூட்டி வந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முன்னால் போவதைத் தவிர வழியில்லை. பக்கவாட்டில் நகர்ந்தாள். முதுகில் சுவர். நெஞ்சிலும் சுவர். மூச்சை இழுத்தால் இடமில்லை.

"அம்மா, நான் சின்னன்தானே. போய் வழி பாத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம். கையை விடாத."

ஆனால் விட்டது ரூபிகா இல்லை. இன்னும் ஒரு மூச்சுக்கு இடம் வேண்டியிருந்தது. சுபோதினிதான் விட்டாள்.

"அம்மா, இங்கயும் நீலக் கேற்."

"வா பிள்ளை. திரும்பி வா."

"இங்கயும் பைப்." குரல் தூரம் போகவில்லை. சின்னதாகிக்கொண்டு வந்தது. "அம்மா, ஒரு வீடு திறந்திருக்கு."

"உள்ளுக்குப் போகாத. ரூபி."



சுவரில் முழங்கால் உரசி உரிய, கீழே சரிந்தாள். ஒழுங்கை அவளது பாதத்தருகே முடிந்தது. அங்கே, சுவரின் அடியில், ஒரு வெடிப்பு. கன்னத்தை நிலத்தில் வைத்துப் பார்த்தாள். வெடிப்புக்குள் வெயில் அடித்தது. நீலக் கேற். பைப். மஞ்சள் துவாய். கடைசியில் திறந்த கதவு.

விரலை விட்டாள். நகம்கூடப் போகவில்லை.

அந்தத் திறந்த கதவின் வாசற்படியில் சோடியாக, ஒழுங்காக, கழற்றி வைத்த ரோஸ் செருப்பு. ஒவ்வொன்றும் ஓர் அரிசியளவு.

உள்ளேயிருந்து யாரோ கதவைச் சாத்தினார்கள்.