முப்பத்தொன்றாம் டிரம்

இதில் ஒரு சொல் பொய் என்றால், வருகிற சாரலில் ஐந்தருவியின் ஐந்தும் என் தலையைக் கண்டதும் வற்றிப்போகட்டும். இதற்கு மேல் ஒரு தென்காசிக்காரன் செய்யக்கூடிய சத்தியம் கிடையாது.

அன்று காலை பத்து மணிக்கு ஷெர்லினின் வாயில் எலுமிச்சை உப்பு கரித்தது. அவள் குடித்துவிட்டு வந்தது ஒரு டம்ளர் பால் விடாத கட்டன் சாயா மட்டும். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. மேகம் மலையை விட்டு இறங்கி, இலஞ்சிக்கு ரோடு பிரியும் விலக்கில் இருந்த அந்த ஊறுகாய்க் கம்பெனியின் தகரக் கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டதுபோல அறைக்குள் இருட்டும், ஈரச் சாக்கு நாற்றமும், கொட்டகையில் ஊறிக்கொண்டிருக்கும் எலுமிச்சையின் புளிப்பும் ஒன்றாகக் கலந்து நின்றன. அந்தப் புளிப்பு மூக்கோடு நிற்கும், நாக்குக்கு வராது. அன்று வந்தது. பல்லிடுக்கில் ஏதோ உறுத்த, விரலை விட்டு எடுத்தாள். எலுமிச்சை விதை. மூன்று மாதம் உப்பில் ஊறி வழவழத்துப்போன விதை.

ஷெர்லினின் வேலையே ருசி பார்ப்பதுதான். புளியங்குடியிலிருந்து வரும் எலுமிச்சை நீல டிரம்களில் உப்போடு ஊறும். மூன்று மாதம் கழித்து மூடியைத் திறந்து, ஒரு கரண்டி வாயில் வைத்து, கம்ப்யூட்டரில் ‘நன்று’ என்று அவள் அழுத்தினால்தான் டிரம் மசாலாவுக்குப் போகும். காலைப் பலகாரம் உள்ளே போன நாக்கு பொய் சொல்லும் என்பது முதலாளியின் கொள்கை; அதனால் அவள் சாப்பிடாமல்தான் வரவேண்டும்.

சாப்பிடாமல் வந்தாள். ருசியும் பார்க்காமல் இருந்தாள். கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூடியை இரண்டு தட்டுத் தட்டுவாள், ‘நன்று’ என்று அழுத்துவாள். இந்த ஈட்டில் நாற்பது டிரம், நாற்பது ‘நன்று’.

விதையை உள்ளங்கையில் வைத்தபடி திரையைப் பார்த்தாள். ‘விடுபட்ட ருசி: 40. நிரப்பப்படுவது: 1’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. இப்படி ஒரு வரியை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் அல்தாப்புக்குப் போன் போட்டாள்.

“ஆமாக்கா, நேத்து புதுசு ஏத்தியிருக்கு. எவனாவது ஒரு படியைத் தாண்டிட்டு வேலையை முடிச்சிருந்தா, அந்தப் படியை அதுவே நிரப்பிக்கிடும்.”

“எப்படிலே நிரப்பும்?”

“அது எனக்கும் பிடிபடல. அம்பத்தாறு பக்கத்துக்குக் குறிப்பு அனுப்பியிருக்கான். அதை யாரு உக்காந்து படிக்கா?”

ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக எண் ஏறியது. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் வாயில் ஒரு கரண்டி நிறைந்தது. துப்பினாலும் துப்பியது போக இன்னொரு கரண்டி இருந்தது. ஒன்பதாவதில் பூஞ்சைப் படலம் வந்து, ஈரமான தோலைப்போல மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தாள். பதினேழாவதில் ஒரு நீளமான முடி தொண்டை வரை இறங்கியிருந்தது. வெளியே இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. இருபத்திரண்டாவதில் மெத்தென்று ஏதோ மடங்கியது. எடுத்துப் பார்த்தாள். யாரோ காயத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி. பஞ்சில் இன்னும் பழுப்பாகக் கறை இருந்தது.

கழுவுமிடத்துக்கு ஓடி வாந்தி எடுத்தாள். எலுமிச்சை கழுவிக்கொண்டிருந்த முப்பிடாதியம்மாள் வாயில் அதக்கிய புகையிலையோடு திரும்பிப் பார்த்தாள்.

“மேடத்துக்கு மசக்கையா?”

“சும்மா இருங்கக்கா. பித்தம்.”

“பித்தத்துக்கு எலுமிச்சங்காதான் மருந்து. ஒண்ணு நறுக்கித் தரட்டா?”

ஷெர்லின் மறுபடி குனிந்தாள்.

குடையும் இல்லாமல் வாசல் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தாள். குற்றாலம் போகும் வேன் ஒன்று எண்ணெய்த் தலைகளோடு கடந்து போனது. கம்பெனியை விட்டுத் தூரம் போனால் நின்றுவிடும் என்று நினைத்தாள். இருபத்து நான்கு, புளியமரத்தடியில் வந்து சேர்ந்தது. புழுக்கள் இருந்தன. உயிரோடு.

முப்பத்தொன்று என்ற எண் அப்போதுதான் நினைவில் இடித்தது.

அந்த டிரம்மை மட்டும் அவள் திறந்து பார்த்திருக்கிறாள். போன மாதம், நாற்றம் தாங்காமல். உள்ளே ஒரு பெருச்சாளி மல்லாக்க மிதந்தது. உப்பில் ஊறி, உடம்பு இரண்டு மடங்கு பருத்து, முடி தனியாகக் கழன்று, தோல் நல்ல எலுமிச்சை மஞ்சளாகியிருந்தது. வயிறு திறந்துகிடந்தது. கழிவு என்று பதிந்தால் விசாரணை வரும், முந்தைய ‘நன்று’களும் சந்திக்கு வரும். டெம்போக்காரரிடம் சொல்லி மூடியோடு கொண்டுபோய்க் கொட்டச் சொல்லிவிட்டு, அதற்கும் ‘நன்று’ அழுத்தியிருந்தாள்.

அறைக்குத் திரும்பி ஓடி, மறுபடி போன் போட்டாள். இருபத்தொன்பது.

“அல்தாப், இதை நிறுத்து.”

“நிறுத்தத் தோது இல்லக்கா. வேணும்னா வேற ஆளுக்கு மாத்தி விடுங்க. அதுவும் இதுல புதுசு. கைரேகை வச்சு உள்ள வார யாருக்கு வேணாலும் போகும்.”

“யாருக்குன்னாலுமா?”

“வாட்ச்மேனுக்குக்கூட விடலாம். என்னக்கா, குரலு ஒரு மாதிரி இருக்கு? வாய்ல என்னத்தையும் வச்சுருக்கீங்களா?”

போனை வைத்தாள். முப்பது. கொழகொழவென்று வந்தது. அதை விழுங்கியே விட்டாள். துப்ப நேரமில்லை.

திரையில் பெயர்கள். ஜெயசித்ரா. கைப்பிள்ளைக்காரி. வேண்டாம். இசக்கிப்பாண்டி. மஞ்சள் காமாலையிலிருந்து இப்போதுதான் எழுந்திருக்கிறார். வேண்டாம். முப்பிடாதியம்மாள்.

முப்பது வருடப் புகையிலை வாய். அந்த நாக்குக்கு என்ன தெரியப்போகிறது. தெரியாதவளுக்குக் கொடுத்தால் பாவம் பாதிதான் என்று ஷெர்லின் தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

அழுத்தினாள்.

பன்னிரண்டரை. எண் மாறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வாயில் எதுவும் வரவில்லை. எச்சில் மட்டும். வெறும் எச்சில். அது இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கழுவுமிடத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

போய்ப் பார்க்காமல் இருந்திருக்கலாம். போனாள். மற்ற பெண்கள் கொட்டகையின் அந்தக் கோடியில் சோற்று வாளிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். முப்பிடாதியம்மாள் மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புகையிலைக் கட்டை தரையில் துப்பிக்கிடந்தது. அவள் வாளி திறக்கவில்லை.

ஆனால் மென்றுகொண்டிருந்தாள்.

நறுக். நறுக். சின்ன எலும்பு.

“முப்பிடாதியக்கா.”

திரும்பினாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கடைவாயில் மஞ்சள் நீர் ஒழுகியது. உதட்டு நடுவிலிருந்து முகவாய்க்கட்டை வரை ஈரமான வால் ஒன்று தொங்கியது.

“நாக்கு செத்து முப்பது வருசம் ஆச்சு மேடம். சோறும் மண்ணும் எனக்கு ஒண்ணுதான்.”

மென்றாள். வால் ஓர் அங்குலம் உள்ளே போனது.

“இன்னைக்குத்தான் ருசின்னா என்னன்னு தெரியுது.”

இன்னோர் அங்குலம். நுனி மட்டும் உதட்டில் நின்றது. அதை உறிஞ்சினாள். சேமியாவைப்போல வழுக்கி உள்ளே போனது. விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, கண்ணில் நீர் ததும்ப, ஷெர்லினின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் இருக்கா மேடம்?”

அன்று புதன்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காக இலஞ்சி வட்டாரம் முழுக்கக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டரும் கிடையாது.