சின்னத் துடிப்பு

வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவள் இதய வார்டுக்குள் வந்தபோது மழை இருட்டிக்கொண்டிருந்தது. பகலிலேயே விளக்கு போட்டிருந்தார்கள். தாழ்வாரமெங்கும் பினாயில் நெடி. கடைசி அறையில் அவள் கணவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். மாரடைப்பில் இதயத் தசையில் பாதி செத்துப்போயிருந்தது.

ஒரே மகள்தான் எலும்பு மஜ்ஜை கொடுத்தாள். அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, அப்பாவின் உடம்பு அவற்றை அந்நியமென்று விரட்டாதபடி மரபணுவை மாற்றி, ஆய்வகத்தில் வளர்த்தார்கள். இதயத்தில் ஏற்றினால் புதுத் தசையாகப் பிடித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். செல்கள் அங்கே வளர்ந்துகொண்டிருக்க, ஸ்கூட்டரில் போன மகள் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

அவருக்கு இப்போது சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார் என்றார் டாக்டர். மகளைப் புதைத்துவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பாப்பா பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறாள் என்று வாய் கூசாமல் சொன்னாள் அவள். பிறகு அந்தச் செல்களை அவருக்குள் ஏற்றினார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மானிட்டரில் பெரிய அலைகளுக்கு நடுவே சின்னதாக இன்னொரு அலை தட்டுத்தடுமாறி ஓடியது. புதுச் செல்கள் பழகுகிற வரை அப்படித்தான் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அறை சில்லிட்டது. ஜன்னல் சாத்தியிருந்தும் எங்கிருந்தோ ஈர மண்ணின் வாசனை.

புதிதாய் வெட்டிய மண்.

"பாப்பா பாவம்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "ரொம்ப இருட்டா இருக்குங்கறா."

அவள் சட்டென்று மானிட்டரைப் பார்த்தாள்.

சின்ன அலை வேகம் பிடித்தது.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அழவில்லை.

"அதை உள்ள ஏத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்று கிசுகிசுத்தார். "அவளுக்குத்தான் இன்னும் தெரியல. அவகிட்ட சொல்ற தைரியம் எனக்கில்ல. நீயே சொல்லிடேன்."

அவள் குனிந்து, அவர் நெஞ்சில் வாயை வைத்து, "கண்ணு" என்று கூப்பிட்டாள். பெற்ற வாயால் பிள்ளையிடமே அந்தச் சேதியைச் சொன்னாள்.

சின்ன அலை நின்றது.

பெரிய அலை மட்டும் ஒழுங்காக ஓடியது. அப்போதுதான் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சில மாதங்களில் இதயம் தேறிவிட்டது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர்களுக்கு ஒரே பூரிப்பு. வண்டி ஓட்ட வேண்டாமென்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். வீட்டில் இருவரும் பாப்பா பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தால் அழுகையை அடக்க முடியாது.

ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்தவர் சோபாவிலேயே அசந்து தூங்கிப்போனார். காற்றாடட்டும் என்று சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றக் குனிந்தாள்.

அவர் உதடு அசையவில்லை.

நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து, அழுது ஓய்ந்த குரல் ஒன்று மெல்லக் கேட்டது.

"அம்மா, நான் எப்பம்மா வீட்டுக்கு வரது?"